பீப்பாய் டீசலும் வேண்டாம், பனிக்கு மண்ணெண்ணெயும் வேண்டாம்

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த பழைய டொயோட்டா ஹயேஸ் கேடிஎச் டீசல் வான் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்பு, சின்னக் குளிர்ப்பெட்டி எல்லாம் பொருத்தி வீடு மாதிரி ஆக்கியிருக்கிறோம். விடுமுறைக்கு நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் போய்த் தங்குவதுதான் எண்ணம். ஒட்டோ டீசல் அடிப்பதா, சுப்பர் டீசலா? தோட்டத்துப் பக்கம் ஒருவர் பீப்பாயில் டீசல் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். கராஜ் பாஸோ, குளிருக்கு ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய் கலந்தால் காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்கிறார். செய்யலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: சுப்பர் டீசல் அடியுங்கள். பீப்பாய் டீசலை வாங்காதீர்கள். மண்ணெண்ணெயை டாங்கிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதல் விஷயத்தில் பிழை விட்டால் என்ஜின் மெதுவாகத் தேயும். மற்ற இரண்டில் பிழை விட்டால் ஒரே பயணத்தில் போய்விடும்.

உங்கள் வானில் இருப்பது கொமன் ரெயில் என்ஜின், அதாவது டீசலை ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் அழுத்தி வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் வகை. கேடிஎச்சுக்கு முந்திய டொல்பின் வான்களின் 3எல், 5எல் என்ஜின்கள் எதை ஊற்றினாலும் இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை இதற்குப் பொருத்தாதீர்கள். வான் டயருக்குள் இருப்பது மூன்று நான்கு பார் காற்று. கேடிஎச் என்ஜினின் டீசல் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குள் அசையும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர், தூசு, துரு எதையும் அது தாங்காது.

இனி இரண்டு டீசலுக்கும் உள்ள வித்தியாசம். முக்கியமானது கந்தகம். சுப்பர் டீசல் பம்பில் 4 ஸ்டார் யூரோ 4 என்று போட்டிருக்கும். யூரோ 4 தரத்தின்படி ஒரு கிலோ டீசலில் கந்தகம் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒட்டோ டீசலில் அதைவிட மிக அதிகம். ஜப்பானில் விற்கும் டீசலில் உச்ச அளவு 10 மில்லிகிராம்தான், உங்கள் வான் அந்த டீசலுக்காகச் செய்யப்பட்டது. கந்தகம் எரிந்து நீராவியோடு சேர்ந்தால் அமிலம் ஆகும், அது என்ஜின் ஒயிலின் சக்தியைத் தின்றுவிடும். தங்குமிடத்தில் பெற்றரி சார்ஜ் ஏற்றப் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்துவீர்கள் அல்லவா, என்ஜின் சூடாகாத அந்த நேரத்தில்தான் அமிலம் அதிகம் படியும். ஆகவே எந்த டீசல் அடித்தாலும் ஒயிலை 5,000 கிலோமீற்றரில் மாற்றுங்கள்.

வானுக்கு அடியில் குனிந்து சைலன்சர் குழாயைப் பாருங்கள். தடித்த உருளை ஒன்றும், அதில் இருந்து மேலே போகும் மெல்லிய குழாய்களும் வயர்களும் தெரிந்தால் அது புகைக்கரி வடிகட்டி. அது இருக்கும் வானுக்கு ஒட்டோ டீசலைப் பழக்கமாக்கவே கூடாது.

இந்த விவரங்களை ஒரு பாவனையாளர் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது கோபத்தைத் தருகிறது. பம்பில் விலை மட்டும் பெரிதாக ஒளிர்கிறது, கந்தகம் எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. வானோடு வரும் கைநூல் ஜப்பானிய மொழியில், டாங்கி மூடியில் உள்ள ஸ்டிக்கரும் அதே மொழியில். இலட்சக்கணக்கில் காசு வாங்கி வாகனம் விற்கிறவர்கள் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாவது தரக்கூடாதா? அந்த ஸ்டிக்கரில் ‘கெய்யு’ என்று இருக்கும், டீசல் என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இலேசான எண்ணெய்’ என்று வரும். அதைக் கேட்டு மண்ணெண்ணெய் என்று நினைக்காதீர்கள், மண்ணெண்ணெய்க்கு ஜப்பானியச் சொல் ‘தோயு’.

சுப்பர் டீசல் எல்லா இடத்திலும் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. மலையகத்தில் சில எரிபொருள் செட்களில் அந்தப் பம்பே இல்லை, இருக்கும் இடத்திலும் சில நாள் ‘முடிந்துவிட்டது’ என்ற பலகை தொங்கும். வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் டாங்கி காலியாகிக்கொண்டு வந்தால் பயப்படாமல் ஒட்டோ டீசல் அடியுங்கள். இரண்டும் கலந்தால் கெடுதல் இல்லை, டாங்கியைக் கழுவவும் தேவையில்லை. அடுத்த பெரிய ஊருக்குப் போதுமான 15 அல்லது 20 லீற்றர் மட்டும் அடித்து, அங்கே சுப்பரால் நிரப்புங்கள். கரி வடிகட்டி உள்ள வானுக்கும் ஒரு தடவை இப்படிச் செய்யலாம். முழு டாங்கியும் ஒட்டோ டீசலாகவே போய்விட்டால்கூடப் பதற வேண்டாம், அடுத்த இரண்டு தடவை சுப்பர் அடித்தால் போதும். கெடுதல் பழக்கத்தால் வருவது, ஒரு டாங்கியால் வருவதில்லை. சுப்பர் டீசலைத் தேடி, காலி டாங்கியோடு இறம்பொடை ஏற்றத்தில் நின்றுபோவது அதைவிட மோசம். காற்று இழுத்த டீசல் லைனைத் திரும்ப நிரப்புவது மழையில் செய்கிற வேலை அல்ல.

பீப்பாய்க்காரருக்கு வருவோம். ‘தோட்டத்து ஜெனரேட்டருக்கு வந்தது, சுத்தமான சாமான்’ என்பார். சுத்தமானது ஏன் குறைந்த விலைக்கு வருகிறது? லொறியில் இருந்து உறிஞ்சியதாக இருக்கும், அல்லது மண்ணெண்ணெய் கலந்ததாக இருக்கும், அல்லது மாதக்கணக்கில் கிடந்ததாக இருக்கும். மலைப்பனியில் பாதி காலியான பீப்பாய்க்குள் இரவிரவாக ஈரம் வேர்க்கும், காலையில் அது வழிந்து அடியில் தண்ணீராக நிற்கும். கண்முன்னே ஒரு கிளாசில் ஊற்றித் தெளிவாக இருக்கிறது என்று காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். மேலே எடுத்தது தெளிவாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, மணத்தை வைத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எரிபொருள் விற்பது குற்றம், வாங்கியதற்குப் பில் இல்லை, என்ஜின் போனால் கேட்க ஆளும் இல்லை. ‘இதை ஊற்றினால் ஒட்டோ டீசல் சுப்பர் ஆகிவிடும்’ என்று போத்தல் மருந்து விற்பவர்களும் இதே கூட்டம்தான். எந்த மருந்தும் கந்தகத்தை டீசலில் இருந்து எடுக்காது.

செட்டிலும் கவனம் வேண்டும். வாகனம் அதிகம் வந்துபோகும் இடத்தில் அடியுங்கள். பௌசர் வந்து எரிபொருள் இறக்கிக்கொண்டிருந்தால் வேறு செட்டுக்குப் போங்கள், நிலத்தடித் தாங்கியின் அடியில் கிடக்கும் சேறும் தண்ணீரும் அப்போது கலங்கியிருக்கும். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் பாவனையாளர் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

மண்ணெண்ணெய் யோசனை வடதுருவப் பக்கத்து நாடுகளில், பழைய என்ஜின்களுக்குச் சொன்னது. அங்கே பூச்சியத்துக்கு எத்தனையோ பாகை கீழே டீசல் மெழுகாக உறையும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடிக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. பம்ப் உராய்ந்து இரும்புத் தூள் கிளம்பினால் அது நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். பிறகு பம்ப், ரெயில், நான்கு இன்ஜெக்டர் எல்லாம் மாற்றி, டாங்கியையும் இறக்கிக் கழுவ வேண்டும்.

காலையில் வெள்ளைப் புகையோடு ஸ்டார்ட் ஆக மறுத்தால் முதலில் ஹீட்டர் பிளக்குகளை, அதாவது ஸ்டார்ட் ஆகுமுன் என்ஜினின் உள்ளே சூடேற்றும் பிளக்குகளைப் பாருங்கள். நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக மல்டிமீற்றரில் அளந்தால், நல்லது ஒரு ஓம் அளவில் காட்டும், எரிந்தது ஒன்றுமே காட்டாது. அடுத்தது பெற்றரி. உங்கள் குளிர்ப்பெட்டியும் மின்குமிழும் ஸ்டார்ட் பெற்றரியில் இருந்தே ஓடுகின்றன என்றால், விடிவதற்குள் அதன் பலம் போய்விடும், என்ஜின் சோம்பலாகச் சுற்றும், பழி டீசல்மேல் விழும். வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பெற்றரி போடுங்கள்.

வான் நிற்கும் நாட்களில் 70 லீற்றர் டாங்கியை நிரப்பியே வையுங்கள், ஈரம் வேர்க்க இடம் இருக்காது. பயணத்துக்கு முந்திய நாள் டீசல் பில்டரில் தண்ணீரை இறக்குங்கள். என்ஜின் நிற்க வேண்டும். பில்டரின் அடியில் ஒரு ட்ரே வைத்து, அடித்திருகை இடப்பக்கமாக இரண்டு, இரண்டரைச் சுற்றுத் தளர்த்துங்கள். மேலே உள்ள கைப்பம்பை அமுக்கினால் முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல் வரும். சுத்தமான டீசல் வந்ததும் திருகைக் கையாலேயே இறுக்குங்கள், ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். இறக்கியதை ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். அடியில் தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு நின்றால் டாங்கியையே இறக்க வேண்டும். பில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் டாஷ்போர்டு விளக்கு இறக்கிய பிறகும் மறுபடி எரிந்தாலும் அப்படித்தான், அதைச் செய்து முடிக்கும் வரை வானை மலை ஏற்றாதீர்கள்.