4 லட்சம் கேட்கும் ஏஜென்ட்டும் 25 டாலர் குலுக்கலும்

கேள்வி: எனக்கு 27 வயது. தர்மபுரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக ஒப்பந்த வேலை, கைக்கு 19 ஆயிரம் வருகிறது. சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ விசா கியாரண்டி என்று சொல்லி ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார். முன்பணம் 50 ஆயிரம். அம்மாவின் நகையை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். கட்டலாமா? போனால் அங்கேயே செட்டில் ஆக முடியுமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. விவரத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் நகையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

விசா பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி வந்த உண்மையான விசாதான் இது. 462 என்பது அதன் எண். 18 முதல் 30 வயது வரை உள்ள இந்தியர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்குத் தருகிறார்கள். 12 மாதம் அங்கே தங்கி ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். பொய்யாக இருப்பது ‘கியாரண்டி’ என்ற அந்த ஒரு வார்த்தைதான். ஏனென்றால் அந்த 1,000 பேரைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் எடுக்கிறது. மார்க், முன் அனுபவம், முந்திப் பதிந்தவர் பிந்திப் பதிந்தவர் என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே கணக்கு தொடங்கி 25 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் ஒன்றரை ஆயிரம் ரூபாய் வாக்கில், கட்டிப் பதிந்தால் வேலை முடிந்தது. ஒரு குலுக்கலுக்கு ஓர் ஆள் ஒரு முறைதான் பதியலாம். ஏஜென்ட் பதிந்தாலும் உங்கள் பெயர் அதே டப்பாவில்தான் விழும், சீட்டும் ஒன்றுதான்.

பிறகு எந்த தைரியத்தில் அவர் கியாரண்டி சொல்கிறார்? இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூறு பேரிடம் முன்பணம் வாங்கி நூறு பேரையும் பதிந்துவிட்டால், குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ விழுந்துவிடும். அந்த இருவரின் போட்டோ கடை வாசலில் பேனராகிவிடும். மற்றவர்களுக்கு ‘அடுத்த தடவை பார்க்கலாம்’. முன்பணம் ‘பிராசஸிங் சார்ஜ்’ ஆகியிருக்கும்.

விழும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். முதல் குலுக்கலுக்கான பதிவு 2024 அக்டோபரில் நடந்தது. திறந்த முதல் இரண்டு வாரத்திலேயே ஏறத்தாழ 40,000 பேர் பதிந்துவிட்டதாக அந்நாட்டுக் குடிவரவுத் துறை உதவி அமைச்சரே சொன்னார். அதை வைத்துப் பார்த்தாலும் நாற்பதில் ஒருவருக்குத்தான். ஆனால் உங்களுக்கு 27 வயது. 31 தொடும் வரை ஒவ்வோர் ஆண்டும் 25 டாலர் கட்டிப் பதியலாம். ஆனாலும் இதை நம்பி வேலையை விடாதீர்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவர்களின் தளத்தையே அவ்வப்போது பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தேதியை நம்ப வேண்டாம்.

பதியும்போது பாஸ்போர்ட்டோடு பான் கார்டு விவரமும் கேட்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் ‘சி. முருகன்’ என்று இருக்கும். பான் கார்டில் ‘முருகன் சின்னசாமி’ ஆகியிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கும், அல்லது அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். வெளிநாட்டு அதிகாரிக்கு அவை மூன்று பேர். எனவே பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து, அதில் இருக்கிறபடியே பான் கார்டைத் திருத்திக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்திலேயே செய்துவிடலாம். மார்க் ஷீட்டைத் திருத்தி வாங்குவது பெரிய அலைச்சல். இனிஷியலின் விரிவு இன்னது என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டால் போதும். குலுக்கலில் பெயர் வந்தபின் விண்ணப்பத்தை முடிக்க 28 நாள்தான் தருவார்கள். பெயர் திருத்தத்தை அந்த நேரத்தில் தொடங்கினால் முடிக்க முடியாது.

பெயர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 670 டாலர், நம் கணக்கில் 40 ஆயிரம் சொச்சம். பிளஸ் டூவுக்கு மேல் குறைந்தது இரண்டு வருடப் படிப்பை முடித்திருக்க வேண்டும், உங்களுக்கு டிகிரியே இருக்கிறது. ஆங்கிலம் பேசிச் சமாளிக்கும் அளவுக்கு வேண்டும். டிகிரியை ஆங்கில வழியில் படித்திருந்தால் கல்லூரியில் பயிற்றுமொழிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே ஆதாரமாக நிற்கும். தமிழ் வழி என்றால் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஒரு தேர்வை எழுத வேண்டியிருக்கும். தமிழ் வழி என்பதால் யாரும் நிராகரிக்க மாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

அப்புறம் கையிருப்பு. டிக்கெட் செலவு போக 5,000 டாலர், கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய், உங்கள் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். இது யாருக்கும் கட்டும் பணமில்லை, அங்கே இறங்கி முதல் சம்பளம் வரும்வரை நீங்கள் சாப்பிடுவதற்கான பணம். ‘ஷோ மணி நாங்களே போட்டு எடுத்துக்கொள்கிறோம், 30 ஆயிரம் கொடுங்கள்’ என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. அதில் மாட்டினால் விசா போவதோடு விடாது. போலி ஆவணம் என்று முடிவு செய்தால் மூன்று வருடத்துக்கு ஆஸ்திரேலிய விசாவே கிடைக்காது. பிரிட்டன் என்றால் பத்து வருடம் வரை தடை வரும். உண்மையான சேமிப்பு இல்லாதவர்களுக்கு இந்த விசா ஏற்றதில்லை. 19 ஆயிரம் சம்பளத்தில் ஓசூர் ரூம் வாடகை போக மாதம் ஐந்தாயிரம் மிஞ்சினாலே பெரிய காரியம், எனக்குத் தெரியும். அதனால்தான் பெயர் விழுமுன்பே சேமிப்பைத் தொடங்கச் சொல்கிறேன். ஒரு ஆர்.டி. போடுங்கள். பெயர் விழாவிட்டாலும் அது உங்கள் பணம்.

அங்கே என்ன வேலை? உங்கள் வேதியியலுக்கு ஏற்ற லேப் வேலை கிடைத்தால் நல்லது. ஆனால் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை, அதனால் பெரிய கம்பெனிகள் இந்த விசாக்காரரை எடுக்கத் தயங்கும். நடைமுறையில் ஓட்டல், கிடங்கு, தோட்டம் என்றுதான் அமையும். இங்கேதான் நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன மாந்தோப்பு வருகிறது. ஆஸ்திரேலியாவின் வட மண்டலத்தில் டார்வின், கேத்தரின் என்ற ஊர்களைச் சுற்றி மாந்தோப்புகள் இருக்கின்றன. நமக்கு மே, ஜூனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகும். அவர்களுக்கு அறுவடை செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. வெயில் நம்மூர்க் கத்திரியைவிடப் புழுக்கமாக இருக்கும். அங்கே அதிகம் விளையும் கென்சிங்டன் பிரைடு ரகத்தில் காம்பை ஒடித்ததும் பீய்ச்சும் பால் தோலைப் பொசுக்கிவிடும். முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் பறிக்க முடியாது. காம்பு ஒடிக்காமல் பறித்து, கவிழ்த்து வைத்துப் பால் வடிக்கும் வேலை உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததுதான். போவதற்கு முன் ஒரு சீசன் அவரோடு தோப்பில் நில்லுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அரசு குறித்த பகுதிகளில், குறித்த வகை வேலைகளை மூன்று மாதம் செய்தால் இரண்டாவது ஆண்டுக்கு அதே விசாவைக் கேட்கலாம். வட ஆஸ்திரேலியாவில் பழம் பறிப்பது அந்த வகையில் சேரும். இரண்டாவது ஆண்டில் ஆறு மாதம் அப்படிச் செய்தால் மூன்றாவது ஆண்டும் கேட்கலாம். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள், அதுதான் ஆதாரம். ‘கையில் காசாகத் தருகிறேன், சீட்டு வேண்டாம்’ என்கிற மேஸ்திரி அங்கேயும் உண்டு, சில சமயம் அவர் நம்மூர்க்காரராகவே இருப்பார்.

கூலி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏஜென்ட்கள் அதிகம் புளுகும் இடம் இது. 2025 ஜூலை முதல் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத வேலைக்கு அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துத் தர வேண்டும், ஆக 31 டாலர் சொச்சம். வாரம் 38 மணி நேரம் கிடைத்தால் 1,180 டாலர். வரி 15 சதவீதம், முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். கைக்கு ஆயிரம் வரும். ‘மாதம் இரண்டே கால் லட்சம்’ என்று ஏஜென்ட் சொல்வது இந்தக் கணக்கைத்தான், கணக்கில் தப்பில்லை. ஆனால் மழை பெய்தால் பறிப்பு இல்லை. சீசன் முடிந்து அடுத்த ஊருக்குப் போகும் வாரங்களில் வருமானம் இல்லை. வாடகை, சாப்பாடு, பஸ் என்று கைக்கு வந்ததில் பாதி கரைந்தால் ஆச்சரியமில்லை. பறித்த டப்பாக் கணக்கில் கூலி தந்தாலும், குறைந்தபட்ச மணிக்கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று தோட்டத் தொழிலுக்கு 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மேன் என்ற அரசு அமைப்பிடம் புகார் செய்யலாம். நம்மூர் பி.எஃப். மாதிரி சூப்பர் என்று ஒன்றும் உண்டு, முதலாளி 12 சதவீதம் தனியாகப் போடுவார். ஊர் திரும்பியபின் கேட்டு வாங்கலாம், ஆனால் இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதத்தை வரியாக எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தையாவது மறக்காமல் வாங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற வேண்டாம், அந்நாட்டு அரசு மருத்துவத் திட்டம் நமக்குப் பொருந்தாது.

செட்டில் ஆக முடியுமா? இந்த விசா நேராகக் குடியுரிமைக்கோ நிரந்தர வாசத்துக்கோ கொண்டுபோகாது. அங்கிருக்கும்போது வேறு விசாவுக்குத் தகுதி வந்தால் விண்ணப்பிக்கலாம், அது தனிப் பாதை. ‘462-இல் போய் பி.ஆர்.’ என்று சொல்லி விற்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், காசு பார்க்க வழியில்லை. பிரிட்டனில் ‘இந்தியா யங் புரொஃபஷனல்ஸ் ஸ்கீம்’ என்ற விசா 2023-இல் தொடங்கியது. வயது அதே 18 முதல் 30, டிகிரி கட்டாயம். ஆண்டுக்கு 3,000 இடம், இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம். இதுவும் குலுக்கல்தான், ஆனால் சேரக் கட்டணமே இல்லை. வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஜூலையிலும் திறப்பார்கள், இரண்டே நாளில் மூடிவிடுவார்கள். வாய்ப்புக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விழுந்தால்தான் இங்கே செலவு அதிகம். 2025 கணக்குப்படி விசாக் கட்டணம் 319 பவுண்டு, இரண்டு வருடத்துக்கான சுகாதாரக் கட்டணம் 1,552 பவுண்டு, இரண்டும் சேர்த்து 2 லட்சத்தைத் தாண்டும். இது போக 2,530 பவுண்டு, ஏறத்தாழ 3 லட்சம், தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுத்துவிடுவார்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். கைரேகை கொடுக்கும் மையம் சென்னையிலும் உண்டு, பெங்களூரிலும் உண்டு. ஓசூரில் இருக்கும் நீங்கள் எதற்குச் சென்னை வரை போக வேண்டும்? காலை பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஒருவேளை உங்கள் ஏஜென்ட், ‘விசா இல்லையென்றால் நேரடி வேலையே வாங்கித் தருகிறேன்’ என்று பேச்சை மாற்றினால் சட்டமும் மாறுகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் பதிந்தவரே சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 4 லட்சம் எந்தக் கணக்கு என்று அவரிடமே கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் அவ்வப்போது வெளிநாட்டு வேலை அறிவிப்புகள் வரும், அதையும் பார்த்து வையுங்கள்.

50 ஆயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். கொடுத்திருந்தால், இந்த வாரமே ரசீதையும் ‘கியாரண்டி’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் குற்றப்பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள்.