‘கலிடோனியர்’ என்றால் ஸ்காட்லாந்துக்காரர்தானா?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். அதில் வீரர்களைக் ‘கலிடோனியர்’ என்கிறார் கவிஞர். அகராதி ‘ஸ்காட்லாந்துக்காரர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அப்படியே போட்டுவிடலாமா? என் மேலாளர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர். அவருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

பதில்: மின்னஞ்சலில் வேண்டாம். கேரளத்து நண்பருக்கு ‘சேர நாட்டவரே, நலமா?’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? பொருள் பிழையில்லை, ஆனால் அவர் சிரித்துவிடுவார். அதே கதைதான்.

கவிதை விஷயம் வேறு. கலிடோனியா என்பது ரோமானியர் புழங்கிய பெயர். பிரிட்டன் தீவின் வடகோடியில், அவர்களால் கடைசிவரை அடக்கி ஆள முடியாமல் போன நிலம் அது. கி.பி. 98 வாக்கில் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தம் மாமனாரும் தளபதியுமான அக்ரிகோலாவின் படையெடுப்பைப் பற்றி எழுதியபோது, அங்கே எதிர்த்து நின்ற கல்ககஸ் என்ற தலைவனின் வாயில் ரோமப் பேராசையைச் சாடும் நீண்ட உரையொன்றை வைத்தார். அடங்காதவர்கள் என்ற வாசனை அன்றே இந்தச் சொல்லில் ஏறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைய லத்தீனில் ‘ஸ்காட்டி’ என்றால் அயர்லாந்துக்காரர்கள்! அவர்கள் பிற்பாடு கடல் தாண்டி வந்து கால் ஊன்றியதால்தான் நாட்டுக்கே அவர்கள் பெயர் வந்தது. ஆக, கலிடோனியரும் ஸ்காட்டியரும் ஆதியில் வேறு வேறு மக்கள். கவிஞர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பழம்பெருமை வேண்டிய இடத்தில் எல்லாரையும் கலிடோனியர் ஆக்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் வால்டர் ஸ்காட் 1805-இல் கலிடோனியாவைப் பெண்ணாகவே விளித்து, கவிக்குழந்தைக்கு ஏற்ற செவிலித்தாய் என்றார்.

எனவே உங்கள் கவிதையில் ‘கலிடோனியர்’ என்றே வையுங்கள். முதல் முறை வரும்போது மட்டும் அடிக்குறிப்பில் ‘ஸ்காட்லாந்து மக்களுக்குக் கவிதை வழக்கில் உள்ள பழம்பெயர்’ என்று ஒரு வரி போதும். ‘ஸ்காட்லாந்துக்காரர்’ என்று மாற்றினால் போர்க்களத்தில் குடியுரிமைச் சான்றிதழ் வாசித்தது போலாகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கவிஞர் கேலியாகவும் சொல்லியிருக்கலாம். சாதாரண ஆளைப் பெரிய பெயரால் அழைத்துச் சிரிப்பது அக்காலப் பத்திரிகைகளில் சகஜம். அப்படியென்றால் ‘கலிடோனியப் பெருந்தகை’ என்பதுபோல் கொஞ்சம் மிகையாக்கினால் தொனி வந்துவிடும்.

பேச்சில் இல்லாவிட்டாலும் பெயர்ப்பலகைகளில் சொல் நன்றாகவே வாழ்கிறது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் இரவு ரயில் ‘கலிடோனியன் ஸ்லீப்பர்’. நமக்குச் சேரன் எக்ஸ்பிரஸ் மாதிரி. 1822-இல் திறந்த கலிடோனியன் கால்வாயும், கிளாஸ்கோவிலேயே ஒரு பல்கலைக்கழகமும் இந்தப் பெயரைச் சுமக்கின்றன. மலேசியாவின் நிபோங் திபாலில் தமிழர்கள் உழைத்த தோட்டம் ஒன்றுக்கும் கலிடோனியா என்றுதான் பெயர். எல்லா இடத்திலும் ஸ்காட்லாந்தைத் தேட வேண்டாம்: பசிபிக்கின் நியூ கலிடோனியா 1774-இல் கேப்டன் குக் வைத்த பெயர், இன்று அது பிரான்சின் வசம்.

மேலாளரைப் பற்றிப் பேச ‘ஸ்காட்டிஷ்’ என்பதே சரி. ‘ஸ்காட்ச்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது விஸ்கிக்கு ஆகும், மனிதர்களுக்கு ஆகாது. அங்கே பலருக்கு அது பிடிப்பதில்லை.