கவசம் அணிந்தவரை எண்ணெய் வண்ணத்தில் வரைதல்: கேள்வி பதில்

கேள்வி: கவசத்துக்கு வெள்ளி நிற டியூப் வாங்கித் தீட்டினேன். தகரம் மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: அந்த டியூபை எடுத்து வைத்துவிடுங்கள். மெருகேற்றிய எஃகு ஒரு கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். இத்தாலிய ஓவியர் டிஷியன் 1536-38ல் வரைந்த உர்பினோ பிரபுவின் படத்தைப் பாருங்கள். பின்னால் இருக்கும் சிவப்பு வெல்வெட் அந்தக் கருங்கவசத்திலும் சிவப்பாக வழிகிறது. அதனால்தான் நம் கண் அதை இரும்பு என்று நம்புகிறது. உங்கள் படத்திலும் ஜன்னல் எந்தப் பக்கம், துணி என்ன நிறம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணமும் வெள்ளையும் கலந்தாலே நீலம் கலந்த சாம்பல் கிடைக்கும். பழுப்புப் பின்னணிக்குப் பக்கத்தில் அது குளிர்ந்த எஃகாகவே தெரியும்.

கேள்வி: நிழல் வெளிச்சம் சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் துணி போலத் தெரிகிறதே?

பதில்: எல்லா விளிம்பையும் பிரஷ்ஷால் இழைத்திருப்பீர்கள். சருமத்தில் நிழல் மெல்ல மாறும். உலோகத்தில் அடர் கறுப்பும் வெளிச்சமும் சட்டென்று முட்டிக்கொள்ளும். ஒரு கரண்டியின் முதுகைப் பார்த்து வரைந்து பழகுங்கள். மார்புக்கவசமும் அதே குவிந்த வளைவுதான்.

கேள்வி: அடிப்பூச்சு எதில்?

பதில்: ரா அம்பர் என்ற மண்பழுப்பு வண்ணத்தில், மெலிதாக. சீக்கிரம் உலரும். ஐவரி பிளாக் உலர நாளாகும், அடியில் தடிமனாகப் பூசினால் மேல் அடுக்கு வெடிக்கலாம். எண்ணெய் கூடுதலான கலவை எப்போதும் மேலே வரட்டும்.

கேள்வி: கவசம் நன்றாக வந்துவிட்டது, முகம் மங்கிவிட்டது. முகத்தை இன்னும் வெளுப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம், சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். கவசத்தைத்தான் அடக்க வேண்டும். எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் கடினமான இடம், ஆசை ஆசையாகப் போட்ட பளபளப்பை நாமே அழிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பளிச்சிடும் புள்ளிகளில் இரண்டு மூன்றை மட்டும், முகத்துக்கு அருகில், தடித்த வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை உலர்ந்தபின் அம்பரை எண்ணெயில் கரைத்து மெல்லிய படலமாக மேலே ஓட்டுங்கள். அப்புறம், கழுத்துத் தகட்டில் தாடையின் சருமநிறம் கொஞ்சம் பிரதிபலிக்கட்டும். முகமும் இரும்பும் ஒரே வெளிச்சத்தில் இருப்பது அந்த ஒரு தீற்றலில் தெரியும்.

கேள்வி: வார்னிஷ் எப்போது?

பதில்: குறைந்தது 6 மாதம் பொறுங்கள். அந்தத் தடித்த வெள்ளைப் புள்ளிகள் உள்ளே உலரத்தான் அவ்வளவு காலம்.