பள்ளிக்குள் மது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நான்கு கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், அவற்றுக்கு இங்கே சேர்த்து விடை தரப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்களும் பள்ளிகளின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மண்டபத்தை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்குப் பிளஸ் 1 மாணவர்கள் மூவர் மது அருந்திவிட்டு வந்தனர். ஒருவன் வகுப்பிலேயே வாந்தி எடுத்து மயங்கிச் சாய்ந்தான். மூவருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று ஆசிரியர்களில் பெரும்பாலோர் சொல்கின்றனர். பிற பெற்றோரும் அதையே கேட்கின்றனர். நான் என்ன முடிவு எடுப்பது?

பதில்: மயங்கிச் சாய்ந்த மாணவனை அன்று யார், எவ்வளவு நேரம் உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள் என்பது தங்கள் கடிதத்தில் இல்லை. தண்டனையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைப் பேசிவிடுவோம். மது, வளரும் பிள்ளைகளின் இரத்தத்தில் சர்க்கரை அளவைச் சட்டென்று குறைத்துவிடக்கூடியது. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து கூடுதல். மோர், எலுமிச்சைச் சாறு, காப்பி, தலையில் ஊற்றும் குடம் தண்ணீர் ஆகிய எதுவும் கல்லீரல் மதுவைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுவதில்லை. மல்லாக்கப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால் மாணவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஓய்வறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வரக் கூடாது. தட்டி எழுப்பியும் எழாவிட்டாலும், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தாலும், உடல் சில்லிட்டிருந்தாலும், பெற்றோர் வரட்டும் என்று காத்திராமல் 108க்கு அழைக்க வேண்டும். குடித்தது கடைச் சரக்கா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று கேட்டறிவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். அந்த நஞ்சின் கடுமை பல மணி நேரம் கழித்தே வயிற்றுவலியாகவும் பார்வை மங்கலாகவும் வெளிப்படும். அப்படிக் கேட்கும்போது மாணவன் சொல்லும் பதில் தண்டனைக்குப் பயன்படுத்தப்படாது என்ற உறுதியை அவனுக்குக் கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும்.

இனி மாற்றுச் சான்றிதழுக்கு வருவோம். இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. பிளஸ் 1 மாணவனுக்கு அந்தக் காப்பு இல்லாததால் முடிவின் பாரம் முழுவதும் தங்கள் கைக்கு வந்திருக்கிறது. நீக்கக் கூடாது என்பதே என் கருத்து. நம் கடற்கரையில் பதினாறு வயதுப் பையன் பள்ளியை விட்டு நின்றால், அடுத்த வாரமே ஏதாவது ஒரு படகில் அவனுக்கு வேலை கிடைத்துவிடும். பிடித்த மீனை விற்றதில் கிடைக்கும் பங்குப் பணம் கையில் புரளும். கரைக்கு வந்தபின் யாரோடு உட்கார்வது என்பதை உடன் வேலை பார்க்கும் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். குடியை நிறுத்தச் சொல்லும் உரிமையுள்ள ஒரே இடமாக இருந்த பள்ளி, அந்த உரிமையைத் தானே கிழித்துக் கொடுத்ததாக ஆகிவிடும். மற்ற பெற்றோர் நிம்மதி அடையலாம். ஆனால் அந்தப் பையன் மாலையில் அவர்களுடைய பிள்ளைகளோடு அதே தெருவில்தான் நிற்பான்.

இதற்காகத் தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூவரையும் தனித்தனியாக விசாரியுங்கள். முதன்முறை ருசி பார்த்தவன், மாதக்கணக்கில் குடித்துவருபவன், பணம் வாங்கிக்கொண்டு பிறருக்குக் கொண்டுவந்து கொடுப்பவன் ஆகிய மூவருக்கும் ஒரே தீர்ப்பு வழங்குவது நீதியாகாது. முதலாமவனுக்குப் பெற்றோர் முன்னிலையில் எழுத்துப்பூர்வமான எச்சரிக்கையும் சில வாரங்கள் தொடர்ந்த கண்காணிப்பும் பெரும்பாலும் போதும். இரண்டாமவனுக்கு வேண்டியது சிகிச்சை; ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, வகுப்பாசிரியர் ஒருவர் உடன் செல்ல, அவனை அனுப்புங்கள். மூன்றாமவன் விஷயத்தில் கடுமை தேவைதான். ஆயினும் அவனுக்குப் பின்னால் நிற்கும் பெரியவரைத் தேடாமல் அவனோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது விதிமீறல். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு மது கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவின் கீழ், ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சிறாரை வைத்து மது விற்பவருக்கும் கடத்துபவருக்கும் 78ஆம் பிரிவில் அதே தண்டனை உண்டு. பள்ளிகளில் நடக்கும் விசாரணைகள் பெரும்பாலும் குடித்தவனோடு நின்றுவிடுகின்றன. வாங்கிக் கொடுத்தவர் அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் நிற்கிறார்.

இப்படி ஒரு நடைமுறையை, சம்பவம் நடந்த பிறகு, கோபத்தின் சூட்டில் உருவாக்க முடியாது என்பதைத் தாங்கள் இப்போது உணர்ந்திருப்பீர்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எந்தத் தவறுக்கு என்ன நடவடிக்கை, யார் பெற்றோருக்குத் தெரிவிப்பது, யார் மருத்துவமனைக்கு உடன் செல்வது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஒப்புதல் பெற்று, சேர்க்கையின்போதே பெற்றோரிடமும் மாணவரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள். நாளை ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகன் பிடிபட்டாலும், பங்கு இல்லாத கூலி மீனவரின் மகன் பிடிபட்டாலும், விதி ஒன்றாக இருப்பதற்கு அந்தத் தாள்தான் துணை.

விழிப்புணர்வுச் சொற்பொழிவு ஒன்று ஏற்பாடு செய்யப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செய்யுங்கள்; ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ‘டேர்’ என்னும் போதைத் தடுப்புத் திட்டத்தில், காவலர்கள் வகுப்புக்கே வந்து பாடம் நடத்தினர்; பின்னர் வந்த ஆய்வுகளோ அத்திட்டம் மாணவரின் பழக்கத்தில் பெரிய மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை என்றே கண்டன. கெட்டுப்போன கல்லீரலின் படத்தைக் காட்டுவதைவிட, ‘எல்லாரும்தான் குடிக்கிறார்கள்’ என்று மாணவர்கள் நம்புவதைத் திருத்துவது பயனுள்ளது. எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், 10 முதல் 17 வயது வரையிலானவர்களில் மது அருந்துவோர் 1.3 விழுக்காடு, பெரியவர்களில் 17.1 விழுக்காடு. வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், குடிக்காதவர்களே பெரும்பான்மை. மாணவர்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கேள்வி: தொண்டி அருகே ஒரு மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனை அவன் தகப்பனார் விடுமுறை நாட்களில் வள்ளத்தில் அழைத்துப் போகிறார். கரைக்கு வந்ததும், உடம்பு வலிக்கும் குளிருக்கும் நல்லது என்று சொல்லிக் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கிறார். மகனிடம் வாடை வருவதாகப் பள்ளியிலிருந்து என்னை அழைத்துக் கேட்டார்கள். கணவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அம்மா, குளிருக்கு நல்லது என்பது தோற்றம் மட்டுமே. மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் கதகதப்பாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் வெப்பமோ வெளியேறிவிடுகிறது. வலிக்குத் தேவையானவை சோறும் தண்ணீரும் உறக்கமும். பதினைந்து வயதில் தொடங்கியவர்கள், இருபதைத் தாண்டித் தொடங்கியவர்களைவிடக் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு மிக அதிகம். மேலே சொன்ன 77ஆம் பிரிவு தகப்பனாருக்கும் பொருந்தும். அதைச் சொல்லி அவரை மிரட்டுங்கள் என்பதற்காக இதை எழுதவில்லை. விளையாட்டாகச் செய்யும் காரியமன்று என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாங்கள் தனியாகச் சொல்வதைவிட, அவர் மதிக்கும் ஒருவர், மூத்த அண்ணனோ படகு உரிமையாளரான சம்மாட்டியோ ஊர்த் தலைவரோ, கணவர் குடித்திராத நேரமாகப் பார்த்துச் சொல்வது நல்லது. பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு வேண்டுகோள்: தகப்பனார்களைச் சந்திக்க வேண்டுமானால் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளில் வேலை செய்பவர்கள் கரையில்தான் இருப்பார்கள். கோடை விடுமுறைக்கு முந்திய நாட்களும் பள்ளி திறந்தபின் வரும் முதல் நாட்களும் இந்தக் காலத்துக்குள் வருகின்றன. தங்கள் கணவரைப் போல வள்ளத்தில் போகிறவர்களை, வலை காயவைத்திருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம்.

கணவர் நாள்தோறும் குடிப்பவரானால், நேர்ச்சை செய்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல வேண்டாம். நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். மருத்துவரிடம் காட்டியே நிறுத்தவேண்டும்.

கேள்வி: கீழக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர் இருவர் சீருடையோடு கடற்கரையில் மது அருந்தும் காணொளி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டது. அதை ஆதாரமாக வைத்து நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: பள்ளிக்குள் விசாரணையைத் தொடங்க அது போதுமான காரணம். ஆனால் தாங்களோ சக ஆசிரியர்களோ அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். சட்டத்தின் பார்வையில் வரக்கூடிய சிறாரின் முகத்தையும் பெயரையும் பள்ளியையும் வெளிப்படுத்துவதை, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. குழுவை நடத்துபவரிடம் சொல்லி உடனே நீக்கச் செய்யுங்கள். ஜமாஅத் பெரியவர்களின் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டென்றால் அவர்கள் வழியாகவும் சொல்லலாம். குடித்ததற்கான கண்டிப்பு ஒரு மாதத்தில் முடிந்துவிடும். காணொளி அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் இடம்வரை பின்தொடரும். படம் எடுத்தவர் பெரியவராக இருந்தால், தடுக்காமல் எடுத்துக்கொண்டு நின்றது ஏன் என்று அவரையும் கேட்பது முறை.

கேள்வி: சாயல்குடி அருகே பிளஸ் 2 படிக்கிறேன். நண்பன் ஒருவன் தண்ணீர்ப் புட்டியில் கலந்து வகுப்புக்குக் கொண்டுவருகிறான். ஆசிரியரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பதில்: தம்பி, வகுப்பு நேரத்திலும் அது இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால், உன் நண்பன் விளையாட்டு நிலையைத் தாண்டிவிட்டான். முதலில் அவனிடமே, தனியாக, இன்னும் இரண்டு நாளில் நீயே ஆசிரியரிடம் சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்று சொல்லிவிடு. தலைமையாசிரியரிடம்தான் போகவேண்டும் என்பதில்லை. அவனிடம் பரிவாக இருக்கும் ஆசிரியர் யாரோ அவரிடம் போ. பள்ளியில் அப்படி ஒருவரும் இல்லை என்று தோன்றினால், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களில் ஏதாவது ஒன்றை அழைத்துப் பேசலாம். அவனுக்கு விற்பவர் யார் என்று உனக்குத் தெரிந்திருந்தால், நீ நேரில் போய்க் கேட்காதே. மதுவிலக்குத் துறையின் 10581 என்ற எண்ணுக்கு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைப் பேசச் சொல். அவன் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால் மட்டும் இந்த இரண்டு நாள் தவணையெல்லாம் கிடையாது. அந்த நிமிடமே பக்கத்திலிருக்கும் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும்.