ஸ்பானியக் கப்பலின் வெள்ளிக்காசு: கடலடியில் கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டா?

கேள்வி: வேலை விசாவில் புளோரிடாவில் வசிக்கிறேன். வீரோ பீச் கரையிலிருந்து சில நூறு அடி தொலைவில் நண்பருடன் டைவிங் செய்தபோது, கையால் மணலை விலக்கிய இடத்தில், 1715-இல் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களைச் சேர்ந்ததாகத் தோன்றும் வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. கடலில் கிடைத்தது கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று கடலடிப் புதையல் தேடிய மெல் ஃபிஷரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கூறிவிட்டதாக நண்பர் சொல்கிறார். காசை ஏலத்தில் விற்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். அந்தக் காசுக்கு நீங்கள் உரிமையாளர் ஆகவில்லை என்பதே என் கருத்து.

ஃபிஷர் தேடிய அடோச்சா என்ற ஸ்பானியக் கப்பல் 1622-இல் புளோரிடா கீஸ் அருகே மூழ்கியது. அதன் பெரும்பகுதிச் சரக்கை அவருடைய குழுவினர் 1985-இல்தான் கண்டுபிடித்தனர். உங்கள் நண்பர் குறிப்பிடும் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மாநில அதிகாரிகளின் வசமிருந்த பொருள்களைக் கைப்பற்றக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிடலாமா என்ற கேள்வியையே முக்கியமாக ஆராய்ந்தது. கண்டெடுத்தவருக்கே சொத்து என்ற விதியை அவ்வழக்கில் கீழ்நிலை நீதிமன்றங்கள் ஏற்றது உண்மைதான். ஆனால் அடோச்சா கிடந்த இடம் மாநில நீர் எல்லைக்கு வெளியே இருந்தது. உங்கள் காசு கிடைத்ததோ கரைக்கு மிக அருகில், அதாவது அட்லாண்டிக் பக்கம் மூன்று கடல் மைல் வரை நீளும் புளோரிடாவின் கடலடி நிலத்தில்.

அத்தகைய நிலத்தில் புதைந்து, உரிமையாளரால் கைவிடப்பட்ட கப்பல்களின் உரிமையை மாநிலங்களுக்கு அளிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1715 கப்பற்படையின் பல இடங்கள் குறித்து அதற்கு முன்பே வழக்குகள் தொடங்கிவிட்டதால், அங்கே நீதிமன்றம் அங்கீகரித்த மீட்பாளருக்கு (மூழ்கிய கப்பல்களிலிருந்து பொருள்களை எடுப்பவருக்கு) தனியுரிமை உண்டு. அவர்கள் எடுப்பதிலும் மாநிலத்துக்கு ஒரு பங்கு சேர்கிறது. எந்த வழியில் பார்த்தாலும், அனுமதியின்றி எடுத்த மூன்றாம் நபருக்கு இடமில்லை.

ஸ்பெயினையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1804-இல் போர்ச்சுகல் அருகே வெடித்து மூழ்கிய மெர்சிடிஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து தனியார் நிறுவனம் ஒன்று 2007-இல் ஏறத்தாழ ஆறு லட்சம் நாணயங்களை எடுத்து புளோரிடாவுக்குக் கொண்டுவந்தது. அரசுக் கப்பல் என்பதால் அதற்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு, அதாவது வேற்று நாட்டு நீதிமன்றம் அதைக் கைப்பற்ற முடியாது என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்க, பதினேழு டன் எடையுள்ள அந்தச் சரக்கு 2012 பிப்ரவரியில் விமானத்தில் ஸ்பெயின் சென்றது. எடுத்தவர்களுக்கு மீட்புக் கூலிகூடக் கிடைக்கவில்லை. இந்தத் தீர்ப்பு சரியென்றே நான் கருதுகிறேன், ஏனெனில் அந்தக் கப்பலோடு இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுடைய புதைகுழியும் அதுதான்.

உங்களுக்கு உடனடி ஆபத்து குற்றவியல் பக்கத்தில்தான் இருக்கிறது. மாநில நிலத்திலிருந்து தொல்பொருளை அனுமதியின்றி அப்படியே எடுத்துச் செல்வதைப் புளோரிடாச் சட்டம் சிறு குற்றமாகவும், தோண்டி எடுப்பதை ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய பெருங்குற்றமாகவும் பிரிக்கிறது. கையால் மணலை விலக்கியது தோண்டுதலில் சேருமா என்பது வாதத்துக்குரியது. ஆகவே அந்த விவரத்தை யாரிடமும் எழுத்தில் தராதீர்கள், சமூக வலைத்தளத்தில் படமும் இடாதீர்கள். வேலை விசாவில் இருப்பவருக்கு ஒரு குற்றத்தீர்ப்பு குடியேற்ற நிலையையும் பாதிக்கக்கூடும்.

முதலில் கடல்சார் வழக்குகளிலும் குற்றவியலிலும் பழக்கமுள்ள புளோரிடா வழக்கறிஞர் ஒருவரை அணுகுங்கள். அவர் மூலமாகவே மாநிலத் தொல்லியல் ஆய்வுப் பிரிவுக்கோ மீட்பு உரிமையாளருக்கோ காசை ஒப்படைக்க முன்வரலாம். தாமாக முன்வந்தது உங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளப்பட வாய்ப்புண்டு. அதுவரை காசை அமிலம், பற்பசை எதனாலும் துலக்காதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் நினைவிருக்கும்போதே குறித்து, அந்தக் குறிப்பை உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள். நண்பரும் தமக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்வது நல்லது.