வாசகர் கேள்வி–பதில்: வகுப்பறையும் ஏஐயும் – நீண்ட கட்டுரை எழுதுவோருக்கு

கல்வியில் செயற்கை நுண்ணறிவின் (ஏஐ) பயன்பாடு குறித்து, வாசகர்களுக்கு மின்னஞ்சலில் தொடர்ந்து அனுப்பும் மடலான மின்மடல் எழுதி வருவோரும் எழுத எண்ணுவோரும் அனுப்பிய கேள்விகளுள் ஐந்திற்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் மாணவர்களின் எழுத்தை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றி மாதம் இருமுறை மின்மடலில் நீண்ட கட்டுரை எழுதுகிறேன். ஒன்றை எழுதி முடிப்பதற்குள் வேறொரு கருவி வந்து, எழுதியது பழையதாகிவிடுகிறது. இந்தப் பொருளில் நெடுங்கட்டுரைக்கு இடம் இருக்கிறதா?
– கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: இருக்கிறது. கருவியையே கட்டுரையின் பொருளாக வைத்துக்கொண்டால்தான் நீங்கள் சொல்லும் தொல்லை வரும். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரக் கல்வித் துறை தன் பள்ளிகளில் அதைத் தடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அந்தத் தடையைத் தானே விலக்கிக்கொண்டது. தடை சரியா, தவறா என்று அந்த ஜனவரியில் எழுதப்பட்டவற்றை இன்று யாரும் தேடிப் படிப்பதாகத் தெரியவில்லை. அப்போதே ஒருவர், வீட்டில் எழுதி வரச் சொல்லும் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் அதிலிருந்து மாணவரைப் பற்றி இதுவரை எதை அறிந்துவந்தார், அந்த மாணவர் சிந்தித்தார் என்பதையா, குறித்த நாளில் குறித்த பக்க அளவை நிரப்பித் தந்தார் என்பதையா என்று கேட்டு, அதற்கு விடை தேடி எழுதியிருந்தால், தடை வந்தாலும் போனாலும் அந்தக் கட்டுரைக்கு வாசகர் இருந்திருப்பார்.

ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் வகுப்பறையில் நடக்கும் ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியைச் சுருக்கி எழுதுவது, ஒரு கருத்துக்குச் சான்று தேடுவது, முதல் வரைவைத் திருத்துவது, தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நெடுங்கட்டுரைக்குப் போதும். அந்தச் செயலில் மாணவர் எந்த இடத்தில் திணறுவார், அந்தத் திணறல் அவருக்கு எதைக் கற்றுத் தருகிறது என்பது உங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கத்தில் தெரியும். கருவி செய்யும் நிறுவனத்தாருக்கு அது தெரிய வழியில்லை. அந்த இடத்தில் கருவி நுழையும்போது என்ன நடக்கிறது என்று உங்களால் மட்டுமே எழுத முடியும். எந்தக் கருவியின் எந்தப் பதிப்பை எந்த மாதத்தில் பயன்படுத்திப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் தவறாமல் குறித்துவிடுங்கள். பெயர் மாறாமலேயே உள்ளிருப்பது மாறிவிடும் பொருள் இது.

கேள்வி: நான் ஆய்வாளன் அல்லன், பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஏஐ கற்றலை உயர்த்துகிறது என்று ஓர் ஆய்வும், மூளையை மழுங்கச் செய்கிறது என்று இன்னோர் ஆய்வும் சொல்வதாகச் செய்திகள் வருகின்றன. எதை நம்பி எழுதுவது?
– பட்டதாரி ஆசிரியர், ஈரோடு

பதில்: உங்கள் பாடத்திலேயே நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியாகி, 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இடம்பெற்றது. ஒரு பிரிவு மாணவர்கள் வழக்கம்போலப் பாடநூலையும் குறிப்பேட்டையும் வைத்துக் கணக்குப் பயிற்சி செய்தனர். இரண்டாம் பிரிவினருக்கு, சாட்ஜிபிடியை இயக்கிய மொழி மாதிரிகளுள் ஒன்றான ஜிபிடி-4ஐ அடிப்படையாகக் கொண்ட, கேட்டால் விடையையே தந்துவிடும் உரையாடல் கருவி கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் ஜிபிடி-4தான். ஆனால் அந்தக் கணக்குகளில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் அவற்றுக்கு ஆசிரியர்கள் தரும் குறிப்புகளையும் அதற்கு முன்கூட்டியே ஊட்டி, விடையைச் சொல்லாமல் அடுத்த படிக்கு வழிகாட்டுமாறு அமைத்திருந்தனர்.

பயிற்சியின்போது இரண்டாம் பிரிவினர் முதல் பிரிவினரைவிட 48 விழுக்காடும், மூன்றாம் பிரிவினர் 127 விழுக்காடும் கூடுதலாகப் பெற்றனர். பின்னர் எந்த உதவியும் இல்லாமல் தேர்வு எழுத வைத்தபோது, விடை தரும் கருவியைப் பயன்படுத்திய பிரிவினர், கருவியைத் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். குறிப்பு மட்டும் தந்த கருவியைப் பயன்படுத்தியோரிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால் தேர்வில் குறிப்பிடத்தக்க உயர்வும் இல்லை.

"ஏஐயால் 127 விழுக்காடு உயர்வு" என்றும் "ஏஐயால் 17 விழுக்காடு சரிவு" என்றும் இந்த ஓர் ஆய்விலிருந்தே இரண்டு செய்திகளை எழுதலாம். இரண்டும் பொய்யல்ல, இரண்டாலும் வாசகருக்குப் பயனுமில்லை. கருவி கையில் இருந்தபோது அளந்தார்களா, அதை எடுத்துவிட்ட பிறகு அளந்தார்களா என்பதுதான் இந்தத் துறையின் எந்த ஆய்வைக் கண்டாலும் நீங்கள் முதலில் தேட வேண்டியது. முதலாவது அளவு, மாணவரும் கருவியும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டும். மாணவருக்கு என்ன தங்கியது என்பதை இரண்டாவது அளவுதான் காட்டும். பள்ளிகளுக்கு விற்கப்படும் கருவிகளின் விளம்பரங்களில் நீங்கள் காணும் எண்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கும்.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது வேறொரு முடிவு. மதிப்பெண் சரிந்த பிரிவினர், தாங்கள் குறைவாகக் கற்றுக்கொண்டதாக உணரவே இல்லை. "இத்தனை விழுக்காடு மாணவர்கள் பயனுள்ளது என்று கூறினர்" என்னும் கருத்துக்கணிப்பு ஒன்றைச் சான்றாக வைத்து ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரு கருவியை வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் முடிவை நான் கண்டதில்லை. இது பற்றி மட்டுமே நீங்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது என் விருப்பம். இது ஒரே பள்ளியில், ஒரே பாடத்தில், சில அமர்வுகளில் கண்ட முடிவு என்பதையும் அதே கட்டுரையில், அடிக்குறிப்பாக அல்லாமல் உடலிலேயே, சொல்லிவிடுங்கள்.

மூளை பற்றி நீங்கள் படித்த செய்தி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேப் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். கட்டுரை எழுதும்போது சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியோர், தேடுபொறியைப் பயன்படுத்தியோர், எதையும் பயன்படுத்தாதோர் ஆகியோரின் மூளை மின்னலைகளை அதில் பதிவு செய்தனர். பங்கேற்றோர் 54 பேர். கடைசி அமர்வுக்கு வந்தோர் 18 பேர் மட்டுமே. வெளியானபோது அது துறைசார் மதிப்பாய்வைக் கடந்திருக்கவுமில்லை. மூளை மழுங்குகிறது, அறிவு கெடுகிறது என்பன போன்ற சொற்களைத் தங்கள் ஆய்வைப் பற்றிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டார்கள். ஆய்வைத் தரவிறக்கி அதில் பங்கேற்றோர் எத்தனை பேர், எவ்வளவு காலம், எதை அளந்தனர் என்னும் பகுதியைப் படிப்பதற்கு ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. கணித ஆசிரியராக இருப்பது தாராளமாகப் போதும்.

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் என் முன்னாள் மாணவி தானே எழுதிய ஆங்கிலக் கட்டுரையை, ஏஐ எழுதியது என்று ஒரு கண்டறியும் மென்பொருள் குறித்துவிட்டது. விசாரணைக்கு அழைக்கப்பட்டு மிகவும் மனமுடைந்துபோனாள். இதை என் மின்மடலில் எழுதலாமா?
– பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்

பதில்: எழுத வேண்டும். அந்தப் பெண் மனமொப்பிச் சம்மதித்த பின், அவருடைய பெயர், கல்லூரி, பாடம் ஆகியவற்றை அறவே நீக்கிவிட்டு எழுதுங்கள்; விசாரணை முடியவில்லையென்றால் முடியும்வரை பொறுத்திருங்கள்.

அவருக்கு நேர்ந்தது அரிதான விபத்து அல்ல என்பதற்குச் சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அப்போது புழக்கத்தில் இருந்த ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை ஏஐ எழுதியவை என்று அக்கருவிகள் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தப் பிழை மிகக் குறைவு. காரணம் எளிது: அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியது என்பதை வைத்தே அத்தகைய கருவிகள் முடிவெடுத்தன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தமக்கு நன்கு தெரிந்த சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்பையுமே நாடுவார். இலக்கணப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்ற கவனமே அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. தமிழ்வழியில் பயின்று பின்னர் ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது என்பதால்தான் நீங்கள் இதை எழுத வேண்டும் என்கிறேன்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாகக் குறித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் மாணவர் தாள்களில் பிறர் எழுத்தைக் களவாடியதைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியபோது ஒரு கணக்கைச் சொன்னது: முந்தைய ஆண்டில் அங்கு ஒப்படைக்கப்பட்ட தாள்கள் 75,000, நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறும் என்ற உறுதிமொழியை அப்படியே ஏற்றாலும், ஏறத்தாழ 750 தாள்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும். ஒரு விழுக்காடு என்னும் எண்ணை உங்கள் கட்டுரையில் எழுதும்போது இப்படி ஆட்கணக்காக மாற்றிக் காட்டுங்கள். இவையெல்லாம் 2023ஆம் ஆண்டின் கருவிகளைப் பற்றியவை என்பதையும் குறிப்பிடுங்கள். இன்றைய கருவியை விற்பவர் தம்முடையது மேம்பட்டது என்று சொன்னால், இரண்டாம் மொழியில் எழுதுவோரின் கட்டுரைகளில் சோதித்த முடிவைக் காட்டுமாறு கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: மின்மடல் கட்டுரைகளை எழுதுவதற்கே ஏஐயைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எழுதி முடித்த வரைவைக் கொடுத்து, இதற்கு எதிர்வாதம் என்ன, எந்த இடம் விளங்கவில்லை என்று கேட்கலாம். முதல் வரைவை அதனிடம் கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எதை எண்ணுகிறோம் என்பது நமக்கே தெளிவாவது அந்த முதல் வரைவில்தான். மாணவர்களிடம் நாம் காக்க விரும்புவதும் அதையே. எந்த அளவுக்குப் பயன்படுத்தினாலும் மடலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேற்கோள் சான்றுகளை மட்டும் ஒருபோதும் அதனிடம் விடாதீர்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து – லாப்ரடார் மாகாணத்தில் 2025இல் வெளியான நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கல்வி அறிக்கையில், குறைந்தது 15 சான்றுகள் எங்குமே இல்லாதவை என்று பின்னர் தெரியவந்தது. அவற்றுள் ஒரு திரைப்படத்தைப் பற்றிய குறிப்பு, சான்றுகளை எழுதும் முறையை விளக்கும் பல்கலைக்கழகக் கையேடு ஒன்றில் மாதிரிக்காகக் கற்பனையாகத் தரப்பட்டிருந்தது. ஏஐ உதவியுடன் எழுதியதால் வந்த பிழையோ என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. பள்ளிகளில் ஏஐயை நெறியோடு பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்ததும் அதே அறிக்கைதான். நீங்கள் திறந்து படிக்காத எதையும் சான்றாகக் காட்டாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு நீளம் எழுதலாம்? எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்பலாம்?
– ஆசிரியர் பயிற்சி மாணவி, மதுரை

பதில்: பணியில் இருந்துகொண்டு எழுதுவோருக்கு மாதம் ஒன்று போதும். இரண்டாயிரம் சொற்களைத் தாண்டினால், இரண்டு கட்டுரைகளுக்கான பொருள் ஒன்றில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டுக்கு இரண்டு மடல்களையாவது, முன்பு எழுதியதற்குத் திரும்பிச் செல்வதற்கென ஒதுக்குங்கள். செய்தித்தாள்கள் இதைச் செய்வது குறைவு என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலிஸ், 60 லட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தத்தில் உருவான 'எட்' என்னும் உரையாடல் கருவியை 2024 மார்ச்சில் பெருவிழாவாகத் தொடங்கியது. ஜூன் மாதத்திற்குள் அதைச் செய்த நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை விடுப்பில் அனுப்பிவிட, கருவியும் நின்றுபோனது. தென்கொரியா 2025 மார்ச்சில் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த ஏஐ மின்பாடநூல்கள், ஆகஸ்டில் பாடநூல் என்னும் தகுதியை இழந்து துணைக் கருவியாகத் தாழ்த்தப்பட்டன. தொடக்க விழாவை எழுதியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து, அந்தப் பிள்ளைகள் அடுத்து எதை வைத்துப் படித்தார்கள், அதற்குள் திரட்டப்பட்ட அவர்களது தகவல்கள் யார் கையில் இருக்கின்றன என்று எழுதினார்கள்? ஒவ்வொரு கட்டுரையையும் அனுப்பிய அன்றே, ஆறு மாதம் கழித்து இதில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். தவறு தெரியவந்தால் திருத்தத்தை அடுத்த மடலின் தொடக்கத்திலேயே இடுங்கள். பழைய கட்டுரையிலும் தேதியுடன் சேருங்கள்.