பாக்டீரியா ஜீனோம்: மலைக்காரங்க கேட்டதுக்கு பதில்

பல்கலைக்கழகத்துல பாக்டீரியா ஜீனோமும் (அதோட மொத்த டிஎன்ஏ) பயோஇன்ஃபர்மேடிக்ஸும்தான் (அதை கம்ப்யூட்டர்ல படிக்கறது) என் வேலை, சொந்த ஊர் கோத்தகிரி. தெரிஞ்சதைச் சொல்றேன். நான் மருத்துவர் இல்ல, அதனால மருந்து சீட்டு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க.

கோத்தகிரி, எம்எஸ்சி மாணவி: அக்கா, என்கிட்ட 8 ஜிபி லேப்டாப்தான் இருக்கு, ஜீனோம் வேலை பண்ண முடியுமா?

தாராளமா முடியும்மா. குடல்ல வாழற ஈகோலை பாக்டீரியாவோட ஜீனோம் மொத்தமே 46 லட்சம் டிஎன்ஏ எழுத்துதான், மனுஷனோடது 300 கோடி. ஃபாஸ்ட்க்யூசில தரம் பாத்து, எஸ்பேட்ஸ்ல அசெம்பிளி போட்டு (துண்டு துண்டா வர்ற டிஎன்ஏவை ஒண்ணா சேத்து), பாக்டால ஜீன் குறிக்கணும், இந்த மூணையும் கேலக்ஸின்னு ஒரு இலவச சர்வர்லயே ஓட்டிக்கலாம், லேப்டாப்புல பிரவுசர் திறந்தா போதும். பழகிக்க டேட்டா வேணும்னா என்சிபிஐங்கிற இலவச தளத்துல கொட்டிக் கிடக்கு.

அசெம்பிளி முடிஞ்சதும் எல்லாரும் முதல்ல என்50 (துண்டுங்க எவ்வளவு நீளமா சேந்திருக்குன்னு காட்டற எண்) எவ்வளவுன்னு ஓடுவாங்க. அதுக்கு முன்னாடி மொத்த நீளத்தையும் ஜிசி சதவீதத்தையும் (எழுத்துங்கள்ல ஜி, சி எத்தனை பங்குன்னு) பாரு. ஈகோலைன்னு நினைச்சு அனுப்பினது 46 லட்சத்துக்குப் பதிலா 85 லட்சம் வந்து நிக்குது, ஜிசி படத்துல 51 பக்கம் ஒரு மேடு, 39 பக்கம் இன்னொரு மேடுன்னா, கிருமி வளக்கற தட்டுல வேற ஏதோ ஒரு பாக்டீரியாவும் சேந்து வளந்திருக்கு, அசினெட்டோபேக்டர் மாதிரி. எந்த சாஃப்ட்வேரும் அதை உனக்காக சரி பண்ணாது, திரும்ப தட்டுல கோடு போட்டு ஒத்தைக் காலனி (ஒரே கிருமில இருந்து வளந்த புள்ளி) எடுக்கணும்.

இன்னொண்ணு, இதை எல்லார்கிட்டயும் சொல்றேன்: சாம்பிள் எங்க, எப்போ, எதுல இருந்து எடுத்ததுன்னு எடுத்த அன்னைக்கே எழுதி வை. ‘நீலகிரி’ன்னு மட்டும் போட்டா என்ன அர்த்தம், மலையடிவாரத்து பாக்குத் தோப்பும் நீலகிரிதான், 2637 மீட்டர்ல இருக்கிற தொட்டபெட்டாவும் நீலகிரிதான்.

கூடலூர்: ஜீனோம் வேலைக்கு கம்ப்யூட்டர் மொழில பைத்தான் கத்துக்கணுமா, ஆர் கத்துக்கணுமா?

முதல்ல லினக்ஸ் கமாண்ட் லைன், அதாவது கட்டளையை டைப் பண்ணி கம்ப்யூட்டரை ஓட்டறது. அப்புறம் ரெண்டுல எது பிடிக்குதோ அது.

பூம்பாறை: மேடம், எங்க மலைப்பூண்டு ஜீனோமையும் இதே மாதிரி பண்ணலாமா?

என் துறை இல்லைங்க. பூண்டோட ஜீனோம் சுமார் 1600 கோடி எழுத்து, அதுக்கு பயிர் ஜீனோம் குழு ஒண்ணே வேணும். பூண்டு வேர்ல இருக்கிற பாக்டீரியான்னா வாங்க, பேசலாம்.

குன்னூர்: தேயிலைத் தோட்டத்துல வேலை செய்யற எங்க சித்திக்கு அஞ்சு நாளா காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமோன்னு சொல்றாங்க. ஜீனோம் டெஸ்ட் எடுக்கலாமா?

இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, ஜீனோமெல்லாம் வேண்டாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல வலிக்காத கருப்பு பொருக்கு ஏதாவது இருக்கான்னு பாத்து டாக்டர்கிட்ட சொல்லுங்க, பொருக்கு இல்லைன்னாலும் போகத்தான் வேணும். டாக்ஸிசைக்ளினுக்கு நல்லா கேக்கிற நோய், தள்ளிப்போட்டாதான் நுரையீரல், சிறுநீரகம்னு போய் ஆபத்தாகும்.

இந்த நோயைக் குடுக்கிற ஓரியன்ஷியா பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். புதர்ல இருக்கிற உண்ணிப்பேன் குஞ்சு கடிச்சு வருது, செல்லுக்குள்ள மட்டும்தான் வாழும், 2007ல முதல் ஜீனோம் வந்தப்போ சுமார் 21 லட்சம் எழுத்துதான், ஆனா அதுல பெரிய பங்கு திரும்பத் திரும்ப வர்ற ஒரே துண்டுங்க, சில ஸ்ட்ரெயின்ல (அதே கிருமியோட வேற வகைல) பாதிக்கு கிட்ட. 150 எழுத்து ரீட்ஸை (மெஷின் ஒரு தடவைல படிச்சுத் தர்ற துண்டு) வச்சு இதை சேக்கறது, பார்டர் முழுக்க ஒரே பூ போட்ட சேலையை சுக்குநூறா கிழிச்சுட்டு எந்த பூ எந்த இடம்னு கேக்கற மாதிரி. நானோபோர், பேக்பயோ மாதிரி மெஷின்ல நீள ரீட்ஸ் வந்த பிறகுதான் இது ஒழுங்கா முழுசா கிடைக்குது.

கோத்தகிரி: தேயிலையில கொப்புள நோய், அது எந்த பாக்டீரியா?

பாக்டீரியாவே இல்ல, பூஞ்சை. உபாசி (தென்னிந்திய தோட்ட அதிபர்கள் சங்கம்) ஆளுங்ககிட்ட கேளுங்க.

ஊட்டி: லேப்டாப் 8 ஜிபி போதுமா?

முதல் பதிலைப் படிங்க.

கொடைக்கானல்: ஊற்றுத் தண்ணில வளந்ததை கம்பெனிக்கு 16எஸ்க்கு (எந்த பாக்டீரியான்னு ஒரு ஜீனை வச்சு பாக்கற டெஸ்ட்) அனுப்பினோம், ‘ஈகோலை / ஷிகெல்லா’ன்னு வந்திருக்கு. எது சரி?

16எஸ் ஜீன் சுமார் 1500 எழுத்துதான், அதை வச்சு இந்த ரெண்டையும் பிரிக்கவே முடியாது, ஜீனோம் அளவுல பாத்தா ஷிகெல்லாவே ஈகோலைக்குள்ள அடங்கிடுது. முழு ஜீனோம் எடுத்து நோய் உண்டாக்கற ஜீன் இருக்கான்னு பாக்கணும். எந்த ஊற்று, எந்த மாசம், மழைக்கு முன்னயா பின்னயான்னு நீங்க எழுதவே இல்லையே!

கேத்தி, விவசாயி: ஏம்மா, உருளை பூ விடற நேரத்துல பச்சையா இருக்கும்போதே வாடிப் போகுது. கடையில ஸ்ட்ரெப்டோமைசின் பவுடர் குடுத்தாங்க, அடிக்கலாமா?

அடிக்காதீங்கண்ணா. முதல்ல என்ன நோய்னு பாருங்க. வாடின செடியோட அடித்தண்டுல ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி அதுல வெட்டுன முனை முங்கற மாதிரி அசையாம தொங்க விடுங்க. கொஞ்ச நேரத்துல வெட்டுல இருந்து பால் மாதிரி வெள்ளை நூல் கீழ இறங்குச்சுன்னா அது ரால்ஸ்டோனியா, பாக்டீரியா வாடல். கிழங்கை குறுக்க வெட்டினா உள்வட்டம் பழுப்பா இருக்கும், அமுக்கினா வெள்ளையா கசியும். நூல் வரலைன்னா பூஞ்சையா இருக்கலாம், நூற்புழுவா இருக்கலாம், முத்தோரை உருளை ஆராய்ச்சி நிலையத்துல காட்டுங்க. இது தண்டோட தண்ணிக் குழாய்க்குள்ளயும் மண்ணுலயும் இருக்கிற கிருமி, இலை மேல அடிக்கறது அங்க போய் சேராது.

ஊட்டி, உரக்கடை: மேடம், பத்து வருஷமா விக்கறோம், கேக்குதுன்னுதான் திரும்ப வந்து வாங்கறாங்க. நீங்க ஆபீஸ்ல உக்காந்து சொல்றீங்க.

மருந்தடிக்காத ஒரு பாத்தியை பக்கத்துலயே விட்டு யாராவது ஒப்பிட்டுப் பாத்தாங்களாண்ணா? மழை விட்டு குளிர் கூடினாலே வாடல் குறையும், பேரு மருந்துக்குப் போயிடுது. அமெரிக்காவுல பேரி, ஆப்பிள் தோட்டத்துல தீக்கருகல் நோய்க்கு 1950கள்ல இருந்து ஸ்ட்ரெப்டோமைசின் அடிச்சாங்க, 1970கள் தொடக்கத்துலயே கலிஃபோர்னியாவுல அதுக்கு அடங்காத கிருமி வந்தாச்சு. ஆர்பிஎஸ்எல்னு ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினா போதும், மருந்து ஒட்டவே ஒட்டாது.

அதே உரக்கடை: மண்ணுல ஏற்கனவே மருந்து எதிர்ப்பு ஜீன் இருக்குன்னு உங்க ஆளுங்களே சொல்றாங்களே, அப்புறம் நாங்க அடிச்சா என்ன?

நல்ல கேள்வி, இதுக்கு நிதானமா பதில் சொல்லணும். இருக்கறது உண்மைதான். ஸ்ட்ரெப்டோமைசினே 1943ல மண்ணு பாக்டீரியால இருந்து கண்டுபிடிச்சது, அதை உண்டாக்கற கிருமிக்கு தன்னைக் காத்துக்க ஜீன் வேணும்ல. கனடாவுல 30,000 வருஷம் உறைஞ்சு கிடந்த மண்ணுலயே எதிர்ப்பு ஜீன் கிடைச்சிருக்கு. ஆனா எங்கயோ ஒரு கிருமியோட குரோமோசோம்ல சும்மா இருக்கறது வேற, பிளாஸ்மிட்ல (கிருமிங்க ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கிற குட்டி டிஎன்ஏ வளையம்) ஏறி கைமாறிட்டே போறது வேற. அமெரிக்காவுல வேற சில தீக்கருகல் கிருமில எதிர்ப்பைக் குடுத்த எஸ்டிஆர்ஏ, எஸ்டிஆர்பி ஜோடி ஜீன் மனுஷன், மாடு குடல்ல இருக்கிற கிருமிலயும் இருக்கு. நீங்க அடிக்க அடிக்க, அந்த ஜீன் உள்ளது மட்டும் பிழைச்சு பெருகும். அந்தப் பவுடர்ல டெட்ராசைக்ளினும் கலந்திருக்கும், மேல குன்னூர் அம்மாவுக்குச் சொன்ன டாக்ஸிசைக்ளின் அதே குடும்பம். ஓரியன்ஷியா மண்ணுல இருந்து ஜீன் வாங்கிக்காது, அது செல்லுக்குள்ளயே கிடக்கறது, அந்த பயத்தை நான் கிளப்பல. மத்த கிருமிங்க வாங்கிக்கும். இந்த மலையில தோட்டத்துத் தண்ணி கீழ இருக்கிற ஊர் குடிக்கிற ஓடையிலதான் போய் விழுது.

குன்னூர்: ஆரம்பிக்கறவங்க பைத்தானா ஆரா?

சொல்லியாச்சு, கூடலூர்க்காரருக்குக் குடுத்த பதில்ல இருக்கு.

கேத்தி, விவசாயி: நீ சொன்ன மாதிரி வெட்டிப் பாத்தேன்மா, வெள்ளை நூல் இறங்குது. இப்ப என்ன பண்றது?

வாடின செடியை கிழங்கோட, சுத்தி இருக்கிற மண்ணோட தோண்டி எடுத்து தோட்டத்துக்கு வெளிய கொண்டுபோங்க, ஓடைப் பக்கம் போடாதீங்க. அந்தப் பாத்திக் கிழங்கு பாக்க நல்லா இருந்தாலும் விதைக்கு எடுக்காதீங்க, வெளிய தெரியாம உள்ள கிருமி இருக்கும். விதைக்கிழங்கு வெட்டற கத்தியை ஒவ்வொண்ணுக்கும் சுத்தம் பண்ணணும், முடிஞ்சா முழுக் கிழங்காவே நடுங்க. அடுத்த ரெண்டு மூணு வருஷம் அங்க கேரட், முட்டைக்கோஸ், பூண்டு போடுங்க, தக்காளி கத்திரி மிளகாய் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், அதுக்கும் வரும். தானா முளைக்கிற உருளையை விட்டு வைக்காம பிடுங்கிடுங்க. முத்தோரைக்கு கொண்டுபோற தண்டை ஈரம் போகாம காகிதத்துல சுத்தி, எந்தப் பாத்தி, என்னைக்கு வாடினது, விதை எங்க வாங்கினதுன்னு ஒரு சீட்டு எழுதி கூடவே வைங்கண்ணா.